வழிகாட்டி காட்டாத மதுரை

சென்னையிலிருந்து தோழர் ஒருவர் தன் மகளோடு இரண்டு நாள் மதுரைக்கு வந்திருந்தார். பிள்ளை பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பழைய மதுரையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். பாரம்பரிய நடை என்று காலையில் கூட்டிக்கொண்டு போகிறார்களே, அதில் மூன்று பேருக்கும் பணம் கட்டினோம். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் குடியிருக்கிற நானும் வெளியூர்க்காரன் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

விளக்குத்தூண், பத்துத்தூண், புதுமண்டபம், சித்திரை வீதி என்று போனது நடை. வழிகாட்டி இளைஞர், நல்ல பேச்சுக்காரர். "மதுரை ஒரு தாமரைப் பூ. கோயில் நடுவில் இருக்கிற பொகுட்டு, வீதிகள் இதழ்கள்" என்றார். பரிபாடல் காலத்திலிருந்து வருகிற உவமைதான். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த வீதிகளைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். "ஒவ்வொரு வீதியிலும் ஒவ்வொரு தொழில் செய்தவங்க இருந்தாங்க" என்று ஒரே வரியில் அதை முடித்துக்கொண்டார்.

"கூட்டிப் பெருக்கினவங்க எந்த வீதியில இருந்தாங்கண்ணா?" என்று கேட்டாள் பிள்ளை.

சிரித்தார். நல்ல கேள்வி என்றார். அடுத்து காபி குடிக்கப் போகலாம் என்றார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் சொன்னார். சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும். தொழில் என்று அவர்கள் நாசூக்காகச் சொல்வது சாதியை. கோயிலிலிருந்து வீதி விலக விலக சாதியின் படியும் இறங்குகிற மாதிரி போட்ட ஊர் இது. கடைசிப் படியில் நிற்கிறவனுக்குக் கோட்டைக்குள் வீதியே இல்லை. இதைச் 'சிற்ப சாத்திரப்படி அமைந்த நகரம்' என்று வெள்ளைக்காரப் பயணிகளுக்குப் பெருமையாகச் சொல்கிறோம்.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகள் அப்படி வந்தவை. விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்கிறது. வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரிலும் மாரட் பெயரிலும் வீதிகள் இருக்கின்றன. கல்லைச் சுமந்தவர்கள் பெயரில் ஒரு சந்துகூட இருப்பதாக வழிகாட்டி சொல்லவில்லை.

கோயில் வாசலில் நின்று கோபுரத்தின் உயரத்தையும் சுதைகளின் எண்ணிக்கையையும் கேட்டோம். 1939 சூலை 8 பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அன்று காலைதான் வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட தோழர்கள் ஐந்து பேரும் விருதுநகர் சண்முக நாடாரும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதுவரை நாடார்களுக்கும் உள்ளே இடமில்லை. கமுதி கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக நாடார்கள் மீது போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. மதுரையில் நுழைந்தபோதும் சட்டம் நுழைந்தவர்கள் பக்கம் இல்லை. நுழைந்தவர்கள்மீது வழக்கு வராமல் காக்கும் சட்டத்தை ராஜாஜி அரசு அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தது. தீட்டுப்பட்டுவிட்டது என்று பட்டர்கள் பூசை செய்ய மறுத்தார்கள். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு உறுதியாக நின்றதால் கோயில் திறந்திருந்தது.

இந்தக் கதை சொல்லப்படும் அபூர்வமான இடங்களிலும் அது வைத்தியநாத ஐயரின் கதையாகவே சொல்லப்படுகிறது. அவர் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டிப் போனவர் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, உள்ளே காலடி வைத்தவர்களில் கக்கனைத் தவிர மற்றவர்கள் 'ஐந்து பேர்' என்ற எண்ணிக்கையாகிவிட்டார்கள். பத்தாண்டுக்கு முன்பே, 1929இல், ஈரோட்டில் தாழ்த்தப்பட்டோரை அழைத்துக்கொண்டு ஈசுவரன் கோயிலுக்குள் போய் வழக்கைச் சந்தித்த சுயமரியாதைத் தோழர்களை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சித்திரை வீதியில் கல் பதித்திருக்கிறார்கள். பளிச்சென்று இருக்கிறது. 2017இல் நாட்டிலேயே தூய்மையான புகழ்பெற்ற தலம் என்று ஒன்றிய அரசு மீனாட்சி கோயிலுக்கு விருது கொடுத்தது. அந்த விருதை வாங்கித் தந்த துடைப்பங்களை யார் பிடித்திருந்தார்கள் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் இதே மாநகரின் நேரு நகரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் மூன்று தொழிலாளர்கள் மூச்சடைத்துச் செத்தார்கள். கோயிலிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான்.

நடை முடிந்ததும் தமுக்கம் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனோம். இரத்தம் படிந்த துணிக்கு முன் பிள்ளை வெகுநேரம் நின்றாள். தாழ்த்தப்பட்டோருக்குக் கதவு திறந்த பிறகு, 1946இல்தான் காந்தி மீனாட்சி கோயிலுக்குள் போனார் என்று சொன்னேன். "இதை ஏன் கோயில்லயே சொல்லல?" என்றாள்.

சுற்றுலாத் துறைக்கு என் கோரிக்கை பெரியதல்ல. உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்குக் கொடுக்கும் பயிற்சியில் 1939 சூலை 8 இருக்கட்டும். வருகிறவர்கள் கண்ணில் படும்படி வாசலில் ஒரு பலகை, உள்ளே போன ஆறு பேரின் பெயரும் ஊரும் போட்டு. அழகர்கோயிலுக்கும் கீழடிக்கும் வழி காட்டுகிற கையேட்டில் மேலூர் வட்டத்துக்கும் ஒரு பக்கம் வேண்டும். கக்கன் பிறந்த தும்பைப்பட்டி அங்கேதான் இருக்கிறது, மணிமண்டபத்தோடு. மேலவளவும் அதே வட்டம்தான். ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதைப் பொறுக்காதவர்கள், தேர்தலில் வென்ற முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 சூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019 நவம்பரில் 13 பேரை அரசு முன்கூட்டியே வெளியே விட்டது. கோயிலுக்குள் நுழைந்தவரின் ஊருக்கும் நாற்காலியில் உட்கார்ந்ததற்காகக் கொல்லப்பட்டவரின் ஊருக்கும் இடையில் 58 ஆண்டுகளும் சில கிலோமீட்டரும்தான். மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் போனால் உத்தப்புரம். 1989இல் எழுந்த சுவரில் 2008 மே மாதம் காவல்துறைப் பாதுகாப்போடு ஒரு பகுதியை இடித்து வழி விட்டார்கள்.

சுவரைப் பார்க்கவா சுற்றுலா வருவார்கள் என்று கேட்கலாம். பெர்லினுக்கு வேறு எதைப் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் மாட்டுத்தாவணியில் மேலூர் பேருந்து ஏறினோம். மேலவளவு 'விடுதலைக் களம்' நினைவிடத்தில் நாங்கள் போனபோது யாருமில்லை. சூன் 30 அன்று போனால் நிற்க இடமிருக்காது. பிள்ளை கல்லில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து நோட்டில் எழுதிக்கொண்டாள். திரும்பி வருகிற வண்டியில் அப்பாவிடம் கேட்டாள், "அவங்க வந்த பஸ்ஸும் இதே ரோட்டுலதான் வந்துச்சாப்பா?"