கண்டவர் சொல்லைக் காப்பது ஊர்ப் பொறுப்பு

அந்தமானின் லம்பா லைனில் விமானம் இறங்கும்போது, இந்த இடத்தில் முதல் ஓடுபாதை எப்படி வந்தது என்று நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. 1942 மார்ச் 23 அன்று அந்தமானைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, ஊர் மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துவந்து அமைத்த தளம் அது. தீவுகளை விட்டுப் போகுமுன் அவர்கள் தங்கள் ஆவணங்களை அழித்துவிட்டார்கள். ஆகவே அந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி, கண்ணால் கண்டவர்கள் சொல்லிவைத்ததுதான். அன்று பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார்.

இந்த நினைவுகள் எல்லா வீட்டிலும் ஒன்றுபோல் இல்லை. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இங்கே மூவர்ணக் கொடி ஏற்றியதைப் பெருமையோடு சொல்லும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பெருமை நம் அனைவருக்கும் உரியது. அதே நாளில் ஜப்பானியர் பிடித்துவைத்த டாக்டர் திவான் சிங் உள்ளிட்ட பலர் செல்லுலார் சிறையில் வதைபட்டுக் கிடந்தார்கள். 1944 ஜனவரி 14 அன்று அவர் இறந்தார். அந்த மாதம் 30ஆம் தேதி, உளவாளிகள் என்ற பழியோடு 44 பேர் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரத்தைச் சுமக்கும் வீடுகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் மற்றொன்று சிறுமைப்படும் என்று தயங்க வேண்டியதில்லை. இரண்டும் நடந்தவை.

பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் கருதுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்துவது அவருக்கு இன்னொரு கொடுமை. நினைவு பிசகும், அதை வரலாறாகக் கொள்ள முடியாது என்று ஆய்வாளர்கள் சொல்வதும் சரியே. 1945 ஆகஸ்டில் ஹேவ்லாக் தீவருகே ஜப்பானியர் கடலில் தள்ளியவர்களின் எண்ணிக்கை சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. ஆனால் உயிர் தப்பிய ஒருசிலர் வாய் திறந்திராவிட்டால் அந்தக் கொடுமை வெளியே தெரிந்தே இருக்காது. எண்ணிக்கை பிசகலாம், அதற்காக அந்தச் சாட்சியத்தையே தள்ளிவிட முடியுமா?

இத்தகைய சாட்சியங்களைப் பதிந்துவைக்க முடியும் என்று சிங்கப்பூர் செய்துகாட்டியிருக்கிறது. அங்கே 1979இல் வாய்மொழி வரலாற்றுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கி, ஜப்பானிய ஆட்சியைக் கண்டவர்களின் பேச்சைப் பதிவு செய்து தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்தார்கள். நம்மிடம் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், கையில் செல்பேசி இருக்கிறது. கேட்கும் முறைதான் முக்கியம். "இதை நீங்களே பார்த்தீர்களா, அப்பா சொல்லிக் கேட்டீர்களா?" என்று பிரித்துக் கேட்க வேண்டும். பெரியவர் எந்த மொழியில் பேசுகிறாரோ அந்த மொழியிலேயே பதிய வேண்டும். பதிந்ததை அவருக்கே போட்டுக் காட்டி, எதை வெளியிடலாம், எதைப் பூட்டிவைக்கலாம் என்று அவர் சொல்லும்படி விட வேண்டும்.

போருக்குப் பின் வந்து குடியேறிய நமக்கு இதில் என்ன வேலை என்று தமிழர்கள் சிலர் கேட்கலாம். 1942க்கு முன்பிருந்தே இங்கு வாழும் குடும்பங்களின் கதை இது என்பது உண்மைதான். ஆனால் அதே ஆண்டுகளில் மலாயா தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டவர்களில் தமிழர் ஏராளம். இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவில் குடியேறியவர்கள், வங்கத்தை விட்டு வந்தவர்கள், 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்ததைப் பார்த்த நிக்கோபாரிகள் என எல்லோரிடமும் உலக வரலாற்றின் ஒரு துண்டு இருக்கிறது.

ஒவ்வொரு மொழிச் சங்கமும் தன் பகுதியில் உள்ள மூத்தவர்களின் பட்டியலைத் தயாரிக்கட்டும். கல்லூரி தன் மாணவர்களைப் பழக்கி அனுப்பட்டும். பதிவுகளைப் பாதுகாக்கும் செலவை நிர்வாகம் ஏற்கட்டும். தொண்ணூறைத் தாண்டியவர்களின் வீடுகளுக்கு இந்த மாதமே போய்விடலாம். சுனாமியைக் கண்டவர்களிடம் அடுத்த ஆண்டு முழுவதும் நிதானமாகக் கேட்கலாம்.