மூட்டையின் வாயில் மட்டும் நல்ல சரக்கா?



பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் நம் கடைவீதியில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், யாரைப் பிடிக்க வேண்டும் என்று கல்லாவில் இருந்தபடியே விசாரிப்போம். இடம் கிடைத்ததும் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். ஆனால் சில தன்னாட்சிக் கல்லூரிகளில், சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தேர்வு வைக்கிறார்கள். 'பிளேஸ்மென்ட் டெஸ்ட்' என்று பெயர். வேலைக்கு ஆள் எடுக்கும் பிளேஸ்மென்ட் அல்ல இது. மாணவன் எந்த அளவுக்கு எழுதுகிறான் என்று பார்த்து, ஆங்கிலப் பாடத்துக்கு இரண்டு மூன்று வகுப்பாகப் பிரிக்கும் தேர்வு.

நாம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு புத்தகத்தை மூடிவிட்டு மண்டிக்கு வந்தவர்கள். ஆங்கிலத் தேர்வு பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். சரக்கைத் தரம் பிரிப்பதில் நாற்பது வருட அனுபவம் உண்டு. அது போதும் என்று நினைக்கிறோம்.

2022இல் எங்கள் தம்பி மகன் பி.காம். சேர்ந்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளை. இப்படி ஒரு தேர்வு உண்டு என்று தெரிந்ததும் வீட்டில் ஒரே கலவரம். பயிற்சி நிலையம் ஒன்றில் பத்து நாளைக்கு நாலாயிரம் ரூபாய் கட்டினோம். அவர்கள் பதினைந்து கட்டுரைகளை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பையனும் கடை மாடியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தான். தேர்வில், நீங்கள் வசிக்கும் தெருவைப் பற்றி 150 சொற்களில் எழுதுக என்று கேட்டார்கள். பதினைந்தில் அது இல்லை. சுற்றுச்சூழல் கட்டுரையை எடுத்து, நடுவில் இரண்டு இடத்தில் தெருவைச் செருகிவிட்டு வந்தான். அடிப்படை வகுப்பில் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நாம் செய்ததையும் மறைப்பானேன்? மேல் வகுப்புக்கு மாற்றச் சொல்லி சிபாரிசோடு போய் நின்றோம். ஆங்கிலத் துறைப் பேராசிரியை பொறுமையாகக் கேட்டார். "ஐயா, இதில் பாஸ், பெயில் கிடையாது. மேல் வகுப்பில் உட்கார வைத்தால் அவன் வாயைத் திறக்காமலே இரண்டு வருஷத்தைக் கழித்துவிடுவான். இங்கே முப்பது பேர்தான். வாரம் ஒரு தாள் எழுதுவான், நாங்கள் திருத்துவோம். எது வேண்டும்?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

துவரம்பருப்பு லோடு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையின் வாயில் இருப்பதை மட்டும் பார்த்து விலை பேசுகிறோமா? நடுவிலும் அடியிலும் குத்தூசி விட்டு எடுத்துப் பார்க்கிறோம். மேலே முழுப் பருப்பைப் போட்டு அடியில் உடைசலை நிரப்பி அனுப்பியவனிடம் மறுபடி வாங்குவதில்லை. மனப்பாடக் கட்டுரையும் சிபாரிசும் அதே வேலைதான். அவன் ஏமாற்றுவது எதிராளியை. நாம் ஏமாற்றப் பார்த்தது நம் பிள்ளையை.

சரி, தயார் செய்வதே வேண்டாமா என்றால், வேண்டும். அதற்கான பாடப்புத்தகம் நம் கடைப் பரணிலேயே கிடக்கிறது. குல்பர்கா (2014 முதல் கலபுரகி) ஆலைக்காரருக்குத் தமிழ் தெரியாது, நமக்குக் கன்னடம் தெரியாது. அதனால் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான் போகும். எங்கள் கணக்குப்பிள்ளை ஒரு வரிகூட வீணாக எழுதமாட்டார். எந்த பில், எத்தனை மூட்டை, எடைமேடையில் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கழித்துத் தர வேண்டும், முடிந்தது. தந்தி கொடுத்துப் பழகிய கை அது. சொல்லுக்குச் சொல் காசு அல்லவா! (2013 ஜூலையில் தந்தியை நிறுத்திவிட்டார்கள். இன்று வாட்ஸ்அப்பில் சொல்லுக்குக் காசு இல்லை. அதனால்தானோ என்னவோ எழுத்தையே பாதி விழுங்கிவிடுகிறார்கள்.)

அடிப்படை வகுப்புக்குப் போன பிறகு, தம்பி மகனை மாலையில் கடையில் உட்கார வைத்து நாளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னோம். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் அவன் செய்யும் தவறுகள் மூன்றே வகை என்று தெரிந்துவிட்டது.

ஒன்று, நீளம். 'சரக்கை இறக்கி, எடை போட்டுப் பார்த்து, குறைவு தெரிந்து, உடனே போன் செய்தோம்' என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்லலாம். ஆங்கிலத்தில் அப்படி இழுத்தால் நொண்டும். இரண்டு மூன்றாக வெட்ட வேண்டும். அடுத்தது, 'ஏ', 'தி' என்ற குட்டிச் சொற்கள். 'ஒரு லாரி வந்தது, அந்த லாரியில் நூறு மூட்டை' என்று சொல்லிப் பார்த்தால், முதல் லாரிக்கு 'ஏ', இரண்டாவதற்கு 'தி' என்று ஆசிரியர் காட்டினார். கடைசியில் வால் எழுத்து. அவன் போகிறான், அவர்கள் போகிறார்கள் என்பதில் நம் பிள்ளைகள் ஒருநாளும் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்தில் ஒருவன் போனால் 'கோஸ்', பலர் போனால் 'கோ'. வாலில் மட்டும் மாறுவதால் கண்ணில் படாமல் போய்விடுகிறது. எழுதி முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி வாலை மட்டும் பார்த்துக்கொண்டு வா என்றார்.

கல்லூரித் தேர்வுக்காக மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கணக்கில் வேறுபாடு என்றால் ஏ.எஸ்.எம்.டி.-10 படிவத்தில் அறிவிப்பு வரும், ஏ.எஸ்.எம்.டி.-11இல் பதில் தர வேண்டும். நடப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். 2024இல் எங்களுக்கு ஒன்று வந்தது. கணக்கு பார்ப்பவர் எழுதிக் கொடுத்த பதிலைப் படிக்காமலே சம்மதம் சொல்லிவிட்டோம். அனுப்புவதற்கு முன் தம்பி மகன் வாங்கிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறோம் என்று இருக்கிறதே, நீங்கள் ஒப்புக்கொண்டீர்களா?" என்றான். நாம் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒரு கிரெடிட் நோட்டை விட்டுவிட்டுக் கணக்கு பார்த்திருக்கிறார்கள். பதிலை மாற்றி எழுதியது அவன்தான், அந்த அடிப்படை வகுப்புப் பையன்.

ஜூனில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. எங்கள் கடையில் 1996 முதல் கடித நகல்கள் கோப்பில் இருக்கின்றன. பிள்ளையை அழைத்துக்கொண்டு மாலை நான்கு மணிக்கு மேல் வரலாம். காலையில் லோடு இறங்கும் நேரம், ஒரு வார்த்தை பேச முடியாது.