காலி அலமாரிக்குப் பேராசை காரணமா?

நெருக்கடியில் கடைகள் காலியாவதற்கு மக்களின் பேராசையே காரணம் என்கிறார்கள். தேவைக்கு மட்டும் வாங்கினால் தட்டுப்பாடே வராதாம். இது தவறு.

1. கடைக்காரர் வழக்கமான விற்பனைக்கே சரக்கு வைக்கிறார். நூறு பாக்கெட் பாலுக்கு நூறு வாடிக்கையாளர். ஆளுக்கு இரண்டு வாங்கினால் ஐம்பதாவது ஆளோடு பால் தீர்ந்துவிடும். இரண்டு பாக்கெட் பேராசையா?

2. 2020 மார்ச் 24, இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவில் கொரோனா ஊரடங்கு. நான்கு மணி நேரத்தில் கடைக்கு ஓடியவர் பதுக்கல்காரரா, வீட்டில் குழந்தை இருப்பவரா?

3. அடுத்த மாதம் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு. அது தொடங்குவதற்கு முந்தைய நாளான ஏப்ரல் 25 அன்று கடைகளில் பெருங்கூட்டம். முந்தைய நாள்வரை பொறுமையாக இருந்தவர்களுக்கு ஒரே இரவில் பேராசை முளைத்ததா? அறிவிப்புதானே கூட்டத்தைக் கூட்டியது?

4. தினக்கூலிக்காரரால் பதுக்கவே முடியாது. அன்றைய கூலியில் அன்றைய அரிசி. கடைசியில் வெறுங்கையோடு திரும்புபவர் அவர்தான். அவருக்கும் சேர்த்தா இந்த அறிவுரை?

5. அதே ஏப்ரலில் ரேஷன் கடைகள் நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுத்தன. பங்கு உறுதி என்று தெரிந்தால் முண்டியடிக்க வேண்டியதில்லை.

ஆகவே முன்கூட்டிய அறிவிப்பும், ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்பும், உறுதியான பங்கும் வேண்டும். பயந்தவரைத் திட்டுவதால் ஒரு படி அரிசிகூட வந்து சேராது.