மருத்துவருக்கு மாத இலக்கா?

வீட்டு முன்னறையில் வைத்தியம் பார்த்த டாக்டரைத் தென்காசியில் நம்மில் பலர் அறிவோம். பீடி சுற்றும் தாயின் இருமலோடு அவள் வீட்டு வரவுசெலவும் அவருக்குத் தெரியும். கையில் இருப்பதைக் கொடு என்பார். 1983இல் சென்னையில் அப்போலோ திறக்கப்பட்டது. அதன்பின் கார்ப்பரேட் மருத்துவமனைகள் பெருகின. அந்த டாக்டரின் பிள்ளைகள் இன்று நகரத்தில் சம்பளக்காரர்கள்.

சம்பளம் வாங்குவதை நான் குறை கூறவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் சம்பளத்திற்கே உழைத்துப் பெயர் பெற்றவர்கள். ‘இம்மாதம் இத்தனை ஸ்கேன், இத்தனை படுக்கை’ என்று சில நிர்வாகங்கள் விதிக்கின்றனவே, அந்த இலக்குதான் நஞ்சு. நோயாளியை அனுப்பிவைக்கக் கமிஷன் பெறலாகாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நெறிமுறை மருத்துவரைத் தடுத்தது. ஊழியராகிவிட்ட மருத்துவர்மேல் முதலாளி சுமத்தும் இலக்கை யார் தடுப்பது? தேவையற்ற சோதனையை எழுத மறுக்கும் இளம் மருத்துவர் வேலையை இழக்கலாம். எழுதினாலோ நோயாளியின் நம்பிக்கையை இழப்பார்.

குற்றாலத்தில் சீசன் வந்தால் விடுதி வாடகை ஏறும். அது வாணிகம், பொறுத்துக்கொள்கிறோம். காய்ச்சலுக்கும் சீசன் பார்ப்பதா?

மருத்துவமனை நடத்தும் நம் திருச்சபையாரும் இக்கேள்விக்கு விலக்கல்லர். மருத்துவர்களோடு நீங்கள் செய்துகொள்ளும் பணி ஒப்பந்தத்தில் இலக்கு உண்டா, இல்லையா? ஒப்பந்தத்தை நோயாளிகள் படிக்கும்படி வாசலில் ஒட்டுங்கள்.