கமரா உங்களுடையது, படம் அவளுடையது

"அக்காவுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகுது. ஆஸ்பத்திரிக்கு வந்து படம் எடுக்கச் சொல்லுறா. என்ன கமரா வாங்கலாம்?" இப்போது என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர். கலியாண வீடுகளில் படம் எடுத்துக் கை பழகியவர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இதுவரை மூன்று பேற்று அறைகளில் கமராவோடு நின்றிருக்கிறேன்.

கமராவைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முதல் ஒரு விடயம் கதைக்க வேண்டும்.

ரொறன்ரோவில் வளர்ந்த எங்களில் பல பெண்களுக்கு முதல் பெரிய "போட்டோ ஷூட்" சாமத்தியவீடுதான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்திருக்க, முன்பின் தெரியாத ஒரு வீடியோக்காரர் "இப்பிடித் திரும்பும், கொஞ்சம் சிரியும்" என்று சொல்லச் சொல்ல நாங்கள் திரும்பினோம், சிரித்தோம். இது உனக்கு வேணுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. அந்த அல்பம் இன்றைக்கும் எங்கள் வீட்டு ஹோலில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் புரட்டுகிறார்கள்.

அதே பெண்ணின் உடம்பை அடுத்த தடவை ஒரு கமரா இவ்வளவு கிட்ட நின்று பார்ப்பது பிள்ளை பெறும்போதுதான். இந்தத் தடவையாவது முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காசு கொடுக்கும் கணவன் முடிவெடுக்கக் கூடாது. ஆசைப்படும் அம்மாவும் கூடாது. நல்ல படம் தேடும் நீங்களும் கூடாது.

"இதையெல்லாம் படம் எடுக்கிறதோ?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். எடுக்கலாம். 1951 டிசம்பரில் லைஃப் சஞ்சிகையில் யூஜீன் ஸ்மித்தின் படத்தொகுப்பு ஒன்று வந்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஏழை மக்களுக்குப் பேறு பார்த்த மோட் காலன் என்ற கறுப்பின மருத்துவிச்சியைப் பற்றியது அது. அதைப் பார்த்த வாசகர்கள் அனுப்பிய பணத்தில் அவருக்கு ஒரு கிளினிக்கே கட்டப்பட்டது. அந்தப் படங்களில் என் மனதில் நிற்பவை முகங்களும் கைகளும்தான். நீங்கள் தேட வேண்டியதும் அவற்றைத்தான்.

எனவே எட்டாம் மாதத்திலேயே அவளோடு தனியாக இருந்து கதையுங்கள். மாமியும் கணவரும் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். நான்கு கேள்விகள் போதும். நான் எங்கே நிற்கலாம்? எதை எடுக்கக் கூடாது? படங்களை யார் பார்க்கலாம்? நான் எப்போது வெளியே போக வேண்டும்? அவள் சொல்வதை எழுதி வையுங்கள். எட்டாம் மாதத்தில் சொன்ன "ஓம்", விடிய மூன்று மணிக்கு நோவுக்குள் "வேண்டாம்" ஆகலாம். அதற்கு ஒரு கைச் சைகை பேசி வையுங்கள். சைகை வந்தால் காரணம் கேட்காமல் வெளியே போங்கள்.

தாதிகளும் டொக்டரும் மருத்துவிச்சியும் கூட மனிதர்கள்தான். அவர்கள் முகம் படத்தில் வரலாமா என்று அவர்களிடமும் கேளுங்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒவ்வொரு விதி. சத்திரசிகிச்சை அறைக்குள் உங்களை விடாமலும் போகலாம். இதையெல்லாம் முன்கூட்டியே விசாரியுங்கள், அன்றைக்கு வாசலில் நின்று வாதாடாதீர்கள்.

இனி கமரா. பேற்று அறை இருட்டானது, சின்னது, சத்தம் பொறுக்காதது. இந்த மூன்றுக்கும் பொருந்துவதுதான் சரியான கமரா, விலை கூடியது அல்ல.

முதலாவது இருட்டு. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நோவில் இருக்கிறவளுக்கும், கண் திறக்கிற பிள்ளைக்கும், ஊசி பிடித்திருக்கிற டொக்டருக்கும் அது இடைஞ்சல். அதற்குப் பதிலாக வெளிச்சத்தைக் கூட உள்ளே விடும் லென்ஸ் வாங்குங்கள். எஃப் 1.8 லென்ஸ், எஃப் 2.8 சூம் லென்ஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் எடுக்கும். ஐஎஸ்ஓவை 3200, 6400 வரை ஏற்றப் பயப்படாதீர்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் ஒருவரும் சாக மாட்டார்கள், கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் அதுவே வடிவாக இருக்கும். பிள்ளை வெளியே வரும் நேரத்தில் கட்டிலின் கால்மாட்டில் பெரிய விளக்குப் போடுவார்கள். அதற்கு ஏற்றபடி கமரா தானாக அளந்தால் தாயின் முகம் கறுத்துவிடும். மெனுவலில் வைத்து முகத்துக்கு அளவெடுங்கள். ரோ கோப்பாகவே எடுங்கள், நிறத்தைப் பிறகு திருத்தலாம்.

இரண்டாவது இடம். ஃபுல் ஃபிரேம் கமராவில் 35 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றே போதும். 85 என்றால் பின்னால் போகச் சுவர் விடாது. லென்ஸ் மாற்றிக்கொண்டு நிற்கவும் அங்கே நேரமில்லை. தாயின் தோளுக்குப் பக்கத்தில், தலைமாட்டில் நில்லுங்கள். அங்கே நின்றால் அவள் பார்ப்பதையே நீங்களும் பார்ப்பீர்கள், மறைக்க வேண்டியவை தானாக மறையும். நீலத் துணி விரித்த இடத்துக்குக் கிட்டப் போகாதீர்கள், அது கிருமி நீக்கிய இடம். கமரா வாரைக் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், பையைத் தரையில் யாருடைய காலிலும் படாமல் வையுங்கள், வாசனைத் தெளிப்பான் அடித்துக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாவது சத்தம். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களில் சத்தமே இல்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டர் இருக்கிறது. 2018இல் வந்த சோனி ஏ7 மூன்று, நிக்கோன் இசட்6 போன்றவை இப்போது பாவித்த விலையில் கிடைக்கும், இந்த வேலைக்கு அவை தாராளம். ஆனால் ஒரு சிக்கல். சில மின்விளக்குகளின் கீழ் எலெக்ட்ரோனிக் ஷட்டர் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுத்தும். கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/60 அல்லது 1/125இல் வையுங்கள். லண்டனிலோ ஒஸ்லோவிலோ 50 ஹெர்ட்ஸ், அங்கே 1/50 அல்லது 1/100. பீப் சத்தத்தையும், ஃபோகஸ் பிடிக்க எரியும் சின்ன விளக்கையும் வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் போங்கள். இரண்டு மெமரி கார்ட் போடக்கூடிய உடல் நல்லது. இந்தப் படத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

போனையும் கவனியுங்கள். கமராவிலிருந்து போனுக்கு, போனிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு என்று படம் பாயும் வழியை அடையுங்கள். பெரியம்மா பார்த்தால் பாரிஸும் பார்க்கும், யாழ்ப்பாணமும் பார்க்கும்.

பிள்ளை பிறந்து 31 கழியும் வரை படம் எடுக்க வேண்டாம், நாவூறு படும் என்று எங்கள் அம்மம்மாமார் சொல்வார்கள். கேட்டு நாங்கள் சிரிப்போம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. உடம்பு ஆறாத தாயையும், ஒன்றும் சொல்லத் தெரியாத பிள்ளையையும் ஊர்க் கண்ணிலிருந்து ஒரு மாதம் ஒதுக்கி வைத்தது அந்தப் பழக்கம். இன்றைக்கு நாங்கள் பிரைவசி என்று சொல்வதும் அதைத்தான். பிள்ளை பிறப்பின் படங்களை நீக்கிக்கொண்டிருந்த இன்ஸ்டகிராம் 2018இல் அவற்றை அனுமதித்தது. நல்ல மாற்றம், பல தாய்மார் போராடிப் பெற்றது. ஆனால் போடலாம் என்பதற்காகப் போட்டே ஆக வேண்டும் என்றில்லை.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். கனடாவில் 2012 வரை, காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே பொதுவாகப் பதிப்புரிமை இருந்தது. அந்த ஆண்டு சட்டம் மாறியது. வேறு உடன்பாடு எழுதாவிட்டால் இப்போது அது படம் எடுத்தவருக்கு. ஆகவே சட்டம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அவளுடைய எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு படத்தையும் எங்கேயும் போட மாட்டேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். சொந்த அக்கா என்றாலும் கொடுங்கள்.

எல்லாப் பேறும் நல்லபடி முடிவதில்லை. அறைக்குள் திடீரென்று ஆட்கள் ஓடிவந்தால் கமராவை இறக்கி ஒதுங்குங்கள். பிள்ளை தங்காமல் போனால், தாய் கேட்டால் மட்டும் எடுங்கள். அப்படிப் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இலவசமாகப் படம் எடுத்துக் கொடுக்கவென்றே 2005இல் அமெரிக்காவில் "நவ் ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்" என்ற அமைப்பு தொடங்கியது. சிலருக்கு அந்த ஒரு படம்தான் மிச்சம்.

எல்லாம் நல்லபடி முடிந்தால், படங்களை முதலில் அவளிடம் மட்டும் கொடுங்கள். தனியாக இருந்து பார்க்கட்டும். இது வேண்டாம் என்று அவள் காட்டும் படம் நீங்கள் எடுத்ததிலேயே திறமானதாக இருக்கலாம். அவளுக்கு முன்னாலேயே அழித்துவிடுங்கள்.