ஒற்றைப் பாதை இருக்கும்போதே

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லைப்பக்கமுள்ள பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ரயில் நிலைய நடைமேடையின் கோடியில், எந்த வண்டியிலும் ஏறும் உத்தேசமின்றி, காமிராவையோ கைபேசியையோ ஏந்தி வண்டியின் வருகைக்காகக் காத்து நிற்கும் இளைஞர்களை, அவ்வழியே அன்றாடம் போய்வருவோர் கண்டிருப்பார்கள். வேலையற்றவர்கள் என்று சிலர் அவர்களைப் பேசுவதுண்டு. வேறு சிலர் சந்தேகத்தோடு பார்ப்பதுமுண்டு. என் அபிப்பிராயத்தில் அவர்கள் செய்வது சரித்திரத்துக்குச் செய்யும் சேவை; அதை இடையூறின்றிச் செய்ய வழிவகுப்பது ரயில்வே நிர்வாகத்தின் கடமை.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி ராஜ்யங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தென்கோடியிலிருந்த விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்ததே தவிர, அதன் இருபுறமும் பெண் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த குடும்பங்கள் பிரிந்துவிடவில்லை. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை அகலப் பாதை திறக்கப்பட்டதும், அந்தப் போக்குவரத்துக்குத் தண்டவாளம் துணையாயிற்று. பாறசாலையை அடுத்த குழித்துறை மேற்கு நிலையம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் விவேக் எக்ஸ்பிரஸும், புனலூரிலிருந்து மதுரைக்குப் போகும் வண்டியும் இதே ஒற்றைப் பாதையில்தான் எல்லையைத் தாண்டுகின்றன.

ஒற்றைப் பாதை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதற்கு அங்கே நிலையங்களை விட்டால் வேறு இடமில்லை. முதலில் வந்த வண்டி ஒரு தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்க, பொறுமையிழந்த பிரயாணிகள் வாசலுக்கு வந்து எட்டிப்பார்க்க, நிலைய அதிகாரி பச்சைக் கொடியோடு வெளியே வர, தென்னைகளுக்கு அப்பாலிருந்து ஹாரன் ஒலி முன்னே வந்து, பின்னாலேயே நிற்காத வண்டி ஒன்று இரைந்துகொண்டு கடந்துபோய், அதன் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு காட்டும் கொடிக்கு நிலையத்தின் கொடி பதில் சொல்லி முடிந்த பிறகு, காத்திருந்த வண்டிக்கு சிக்னல் கிடைக்கிறதே, அந்தச் சில நிமிஷங்களுக்குள் ஒரு ரயில்பாதையின் ஒழுங்கு முழுவதும் கண்முன் நிகழ்ந்துவிடுகிறது. ‘கிராசிங்’ என்று எல்லோரும் அலுத்துக்கொள்ளும் இந்த நிகழ்ச்சிக்காகத்தான் அந்த இளைஞர்கள் மணிக்கணக்காக நிற்கிறார்கள். திருவனந்தபுரம் முதல் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 87 கிலோமீட்டருக்குப் பாதையை இரட்டையாக்கும் பணி நடந்துவருகிறது. அது முடிந்தால் காத்திருப்பு குறையும். பிரயாணிகளுக்கு நன்மை, மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனால் அதோடு இந்தக் காட்சியும் போய்விடும். பிறகு விரும்பினாலும் யாரும் அதைப் படமெடுக்க இயலாது.

இதற்கு திருஷ்டாந்தம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1904-இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில், மலைப்பகுதியான புனலூர்–செங்கோட்டைப் பிரிவு 2010-இல் மூடப்பட்டு, 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பிவந்தது. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தின்மேல் அந்தச் சிறிய வண்டி ஊர்ந்து ஏறிய விதத்தை இன்று ஒரு குழந்தைக்குக் காட்டவேண்டுமானால், கடைசி ஆண்டுகளில் ரயில் அபிமானிகள் தம் கைப்பணம் செலவழித்து எடுத்துவைத்த படங்களைத்தான் நாடவேண்டியிருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை பழைய பாணிப் பெட்டிகள் செய்வதை 2018-இல் நிறுத்திவிட்டது. நம் பிரயாணங்களையெல்லாம் சுமந்த அந்த நீலப் பெட்டிகளும் இப்போது ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. பெயர்களும் நிலைப்பதில்லை: திருவனந்தபுரம்–கன்னியாகுமரிப் பாதையில் நேமம் என்ற நிலையம் 2024-இல் திருவனந்தபுரம் தெற்கு ஆகிவிட்டது.

லூமியேர் சகோதரர்கள் 1896-இல் திரையிட்ட புகழ்பெற்ற துண்டுப்படமும், நடைமேடையில் காமிராவை நிறுத்தி, வரும் வண்டியைப் பிடித்ததுதான். தென்னாட்டு ஊர்களுக்கெல்லாம் சலனப்படத்தை எடுத்துச்சென்ற சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் அத்தொழிலில் இறங்குமுன் திருச்சியில் ரயில்வே உத்தியோகஸ்தராக இருந்தவர். இந்த ஈடுபாடு நேற்று முளைத்ததன்று.

பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானதே. தலைக்குமேல் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது; அதன் அருகே நீளக் கம்பில் காமிராவை உயர்த்துகிறவன் தன் உயிரையே பணயம் வைக்கிறான். நல்ல கோணம் வேண்டித் தண்டவாளத்தில் இறங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். அனுமதியின்றி அங்கே நுழைவோருக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது, விதிக்கட்டும். ஆனால் முறைப்படி நடைமேடைச் சீட்டு வாங்கி, மஞ்சள் கோட்டுக்குப் பின்னே நின்று, யாருக்கும் தொந்தரவின்றிப் படமெடுக்கும் பையனை, தண்டவாளத்தில் குதிப்பவனோடு ஒன்றாக வைத்து எண்ணுவது தர்மமாகாது. கைபேசி இல்லாத பிரயாணியே அருகிவிட்ட இக்காலத்தில், அவனைத் தடுப்பதால் எந்த ரகசியமும் காப்பாற்றப்படப்போவதில்லை.

ஆகவே எது கூடும், எது கூடாது, முக்காலி வைக்கலாமா, அதற்கு யாரிடம் கேட்பது என்பனவற்றை மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, பாறசாலை, நெய்யாற்றின்கரை நிலையங்களின் நுழைவாயிலில் வைக்கவேண்டும். பணியிலிருப்பவரின் மனோபாவத்தைப் பொறுத்து விதி மாறக்கூடாது. திருவனந்தபுரம் கோட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, இரண்டாவது தண்டவாளம் விழுவதற்கு முன்பே, இந்த இளைஞர்களை அழைத்து, அவர்கள் எடுத்த படங்களின் பிரதிகளை, இடமும் தேதியும் வண்டி எண்ணும் குறித்து வாங்கிப் பத்திரப்படுத்தவேண்டும். எடுத்தவர் பெயரும் அவற்றோடு இருக்கட்டும்.