ஆட்டத்தினின்று நீக்கப்பட்ட பிள்ளை



பொங்கல் வந்துவிட்டால் செய்யாற்றுக்கும் ஜவ்வாது மலையடிவாரத்துக்கும் இடைப்பட்ட கலசப்பாக்கம் வட்டாரத்து ஊர்களில் கபடிப் போட்டிக்குக் குறைவிராது. அறுவடை முடிந்த கழனியைச் சமன் செய்து, சுண்ணாம்புக் கோடு கிழித்து, குழல் விளக்குகளைக் கட்டி, ஒலிபெருக்கியையும் வைத்துவிட்டால் விடிய விடிய ஆட்டந்தான். நம் இளைஞர் மன்றத்தாரும் ஓர் அணி வைத்திருந்தனர். அணிக்கென்று விதிகளும் உண்டு. அவற்றை எழுதியவர் நாமல்லர். இளைஞர்களே கூடி எழுதினர். குடித்துவிட்டு வரலாகாது, நடுவரை எதிர்த்துப் பேசலாகாது, பயிற்சிக்கு வாராதவன் ஆட்டத்துக்கும் வரலாகாது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொருவனும் கையொப்பமும் இட்டிருந்தான்.

2020ஆம் ஆண்டுப் பொங்கலில் அவ்விதி மீறப்பட்டது. மீறியவன் அணியிலேயே சிறந்த ஆட்டக்காரன். வயது பதினெட்டு. பாடிச் சென்று தொட்டு வருவதில் அவனுக்கு நிகர் அவ்வட்டாரத்தில் இல்லை. ஒரு புள்ளி மறுக்கப்பட்டதும் நடுவரின் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அணி முழுவதும் போட்டியினின்று வெளியேற்றப்பட்டது.

அடுத்த ஞாயிறு திருப்பலியில், பிரசங்கத்தின் முடிவில், அவன் பெயரைச் சொல்லி, இனி இவனுக்கு அணியிலும் இடமில்லை, மன்றத்திலும் இடமில்லை என்று அறிவித்தோம். கோயிலில் ஓர் அசைவும் இல்லை. நம் கண்டிப்பை மக்கள் ஏற்றுக்கொண்டனர் என்றே அப்போது எண்ணினோம். பூசை முடிந்தபின் அவனுடைய தாய் நம் இல்லத்து வாயிலில் வந்து நின்றார். “அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல சாமி. பீடத்துல நின்னு பேரைச் சொல்லிட்டீங்களே” என்றார். நாம் ஏதோ பதில் சொல்லி அனுப்பினோம். என்ன சொன்னோம் என்பது இன்று நினைவில்லை. அந்தத் தாயின் சொற்கள் மட்டும் நினைவில் நிற்கின்றன. பத்து நாளில் பையன் கட்டட வேலைக்கென்று பெங்களூருக்குப் போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்குச் சரியாக மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 9ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் பாட்செஃப்ஸ்ட்ரூம் நகரில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டம் நடந்தது. இந்தியா 177 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. மழையினால் 170 என்று திருத்தப்பட்ட இலக்கை வங்காளதேசம் மூன்று விக்கெட் கைவசமிருக்க எட்டிவிட்டது. அவர்கள் வென்ற முதல் உலகக் கோப்பை அது. வென்ற களிப்பில் அவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தோட, இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் ஏசித் தள்ளிக்கொண்டதை உலகமே தொலைக்காட்சியில் கண்ணுற்றது. வங்காளதேச அணித் தலைவர் அக்பர் அலி, வெற்றி பெற்ற அன்றே அச்செயலுக்காக வருத்தம் தெரிவித்தார். அது பெருந்தன்மை.

அதன்பின் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். களத்திலிருந்த நடுவர்கள் இன்னார்மேல் இன்ன குற்றம் என்று எழுத்தில் கொடுத்தனர். ஆட்டக் கண்காணிப்பாளராயிருந்த இலங்கையின் முன்னாள் வீரர் கிரேம் லப்ரூய் தண்டனையை முன்வைத்தார். பிள்ளைகள் ஐவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். வங்காளதேசத்தின் தௌஹித் ஹிருதய்க்கு 10, ஷமீம் ஹொசைனுக்கு 8, ரகிபுல் ஹசனுக்கு 4. இந்தியாவின் ஆகாஷ் சிங்குக்கு 8, ரவி பிஷ்ணோய்க்கு 5 எனத் தடைப் புள்ளிகள் விதிக்கப்பட்டன. ஒரு புள்ளிக்கு ஒரு பன்னாட்டு ஆட்டம் என்பது கணக்கு. வென்றவனென்று ஒருவனுக்குச் சலுகையில்லை. தோற்றவனென்று ஒருவனுக்கு இரக்கமும் இல்லை. கூட்டமாகச் செய்த தவற்றுக்கு எல்லார்க்கும் ஒரே அளவு என்றும் கட்டிவிடவில்லை. அவனவன் செய்ததற்கு அவனவன் அளவு. இது போதாதென்று கபில்தேவ், அசாருதீன் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் இந்திய வாரியமும் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றனர். அவர்கள் கவலையும் நியாயமானதே.

இந்தத் தண்டனையில் ஓர் எண் இருந்தது. பத்தென்றால் பத்து, பதினோராவது ஆட்டத்துக்கு அவன் வரலாம். பின்னாளில் அவர்கள் வந்தும் விட்டனர். பிஷ்ணோய் 2022 பிப்ரவரியில் கொல்கத்தாவில் இந்தியாவுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஆட்டநாயகன் விருது பெற்றார். 2023 டிசம்பரில் இருபது ஓவர் ஆட்டத்தின் பந்து வீச்சாளர் தரவரிசையில் உலகில் முதலிடம் அடைந்தார். ஹிருதய் 2023 மார்ச்சில் தம் முதல் ஒருநாள் ஆட்டத்தில் 92 ஓட்டங்கள் எடுத்தார். ஆகாஷ் சிங் அதே ஆண்டு நம் சென்னை அணியின் சட்டையை அணிந்து பந்து வீசினார்; அன்று கைதட்டிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்மேல் இருந்த பழைய குற்றம் தெரிந்திராது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

நாம் விதித்த தண்டனையில் எண் இல்லை. “இனி” என்ற சொல்தான் இருந்தது.

மற்றொரு குறையும் உண்டு. அது இதனினும் பெரிது. நாம் அவனை விசாரிக்கவே இல்லை. எதிரணியான் ஒருவன் அவன் பிறந்த தெருவைச் சொல்லி, கேட்கத்தகாத சொல்லால் இழிவு செய்தான் என்பதும், நடுவரிடம் முறையிட்டபோது அவர் சிரித்துவிட்டுப் போனார் என்பதும் பல மாதங்களுக்குப்பின்தான் நம் செவிக்கெட்டின. நடுவர்மேல் கை வைத்தது அதனால் சரியாகிவிடாது. எனினும், அதை அறிந்திருந்தால் பீடத்தினின்று அவன் பெயரைச் சொல்லியிருப்போமா? 1936இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியினின்று லாலா அமர்நாத்தை ஒழுங்கீனம் என்று சொல்லி, அணித் தலைவர் விஜயநகர இளவரசரும் மேலாளரும் நடுவழியில் கப்பலேற்றி அனுப்பிவிட்டனர். பின்னர் பம்பாய்த் தலைமை நீதிபதி பியூமான்ட் தலைமையில் அமைந்த குழு அவர்மேல் குற்றமில்லை என்றது. ஆயினும் அவர் மறுபடி இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியது 1946இல்தான். இடையில் போர் வந்ததும் ஒரு காரணம். முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு விசாரித்தால் இப்படித்தான் ஆகும்.

நம் கபடிக்கே இதற்கு முறையுண்டு. பச்சை அட்டை எச்சரிக்கை. மஞ்சள் அட்டை இரண்டு நிமிடம் வெளியே. சிவப்பு அட்டை அந்த ஆட்டத்தினின்று நீக்கம். விளையாட்டு விதியை எழுதியவர்களுக்குத் தோன்றிய இப்படிமுறை, பல்லாண்டு குருமடத்தில் படித்த நமக்குத் தோன்றவில்லை. படித்ததும் மறந்துபோயிற்று. புனித தொன் போஸ்கோ 1877இல் எழுதிய கல்விமுறை பற்றிய சிறு நூலில், பிள்ளையைத் திருத்துவது தனியிடத்தில் இருக்கட்டும், தோழர்முன் வேண்டாம் என்கிறார். அடிப்பதை அறவே விலக்குகிறார். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் ஒழுங்கும் அதுவே: முதலில் தனியே, பிறகு இருவர் மூவரோடு, கடைசியில்தான் சபை. நாம் கடைசிப் படியில் தொடங்கினோம்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பலராலும் தண்டிக்கப்பட்ட ஒருவனைக் குறித்து, பட்டது போதும், இனி மன்னித்துத் தேற்றுங்கள், இல்லையேல் துயரத்தில் அமிழ்ந்துபோவான் என்கிறார். தண்டனை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அது முடியவேண்டும் என்கிறார்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கோட்டருகே நின்று நடுவரை ஏசுகிற தந்தையே, மறுநாள் அதே குற்றத்துக்காக மகனை விளாசுவதை நாம் பார்த்திருக்கிறோம். அவன் எங்கே கற்றான் என்று அவரை யார் கேட்பது? அணி தண்டித்துவிட்டால் வீட்டில் மறுபடி தண்டிக்க வேண்டாம். கோப்பை வரும்வரை பொறுத்து, பிறகு தண்டிக்கலாம் என்று செயலாளரிடம் வந்து பரிந்து பேசவும் வேண்டாம். சிறந்த ஆட்டக்காரனுக்கு ஒரு விதி, தண்ணீர்ப் பானை தூக்குகிறவனுக்கு ஒரு விதி என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட விரைவில் கண்டுகொள்கின்றனர்.

அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாடு முழுவதும் முடக்கம் வந்தபோது, வேலையிழந்து அவன் ஊருக்குத் திரும்பியிருந்தான். வீடு வீடாக அரிசி கொண்டுசென்ற நாம், அவன் வீட்டுத் திண்ணையில் அவனைக் கண்டோம். “தம்பி, நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன்” என்றோம். “பரவாயில்ல சாமி” என்று அரிசிப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இப்போது மன்றத்தின் நோட்டுப் புத்தகத்தில் புதிய விதிகள் உள்ளன. குற்றஞ்சாட்டப்பட்டவன் பேசி முடிக்குமுன் தீர்ப்பில்லை. தண்டனை இத்தனை ஆட்டம் என்று எண்ணில் எழுதப்படும். கோயிலில் பெயர் சொல்லப்படாது. கடைசி விதியை இளைஞர் எழுதவில்லை. நாமே எழுதிக் கையொப்பமிட்டோம்.

அவன் மறுபடி பெங்களூருக்கே போய்விட்டான். பொங்கலுக்கு வருகிறான், கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டம் பார்க்கிறான். பூசைக்கு அவனுடைய தாய் மட்டுமே வருகிறார்.